வெளிச்சம் வந்த மறுநாள்

இதுவரை வந்த அத்தியாயங்கள் உட்காரக் கற்பதைப் பற்றியவை: முதுகு, மூச்சு, முழங்கால் வலி, கண்ணைச் சுழற்றிக்கொண்டு வரும் தூக்கம். அவையெல்லாம் ஓரளவு அடங்கிய பிறகு வருகிற ஒரு சிக்கலுக்கு இந்த அத்தியாயம். சிக்கல் என்று சொன்னால் அது வாய்த்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கண்ணை மூடினால் வெளிச்சம் பரவுகிறது. உடம்பு இருந்த இடத்தில் மெல்லிய அதிர்வுகள் மட்டும் ஓடுகின்றன. காரணம் இல்லாமல் கண்ணீர் வருகிறது. எதிரே வருகிற எவர்மீதும் அன்பு சுரக்கிறது. ‘இதுதானா அது?’ என்று எழுகிற கேள்வி, இரவு விளக்கணைப்பதற்குள் ‘இதுதான் அது’ என்று உறுதிப்பட்டுவிடுகிறது.

பத்து நாள் விபாசனா முகாம்களில் மாணவனாக உட்கார்ந்திருக்கிறேன். பிறகு சமையலறையில் காய் நறுக்கும் சேவகனாகவும் இருந்திருக்கிறேன். பத்தாம் நாள் காலை மௌனம் கலைந்ததும் மரத்தடியில் பேச்சு களைகட்டும். பெரும்பாலோர் முட்டிவலியைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஓரிருவர் மட்டும் பேசாமல், ஒரு மாதிரி மினுமினுப்போடு நிற்பார்கள். இது அந்த ஓரிருவருக்கானது. மற்றவர்களும் படித்து வைக்கலாம், என்றாவது தேவைப்படும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு நடந்தது பிரமை அல்ல. புத்தர் வைசாலியில் மகாவனத்துக் கூடாகாரசாலையில் தங்கியிருந்தபோதே பிக்குகள் பலர் அவர் முன்னிலையில் ‘எங்கள் பிறப்பு முடிந்தது, செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று’ என்று அறிவித்திருக்கிறார்கள். இவர்கள் சொல்வது உண்மைதானா என்று லிச்சவி குலத்துச் சுனக்கத்தன் கேட்டான். சிலர் சரியாகவே சொன்னார்கள், சிலர் தங்களை மிகையாக மதித்துச் சொன்னார்கள் என்றார் புத்தர். அப்படிப்பட்டவர்களைப் பார்க்கும்போது இவர்களுக்கு இன்னும் தம்மத்தைப் போதிக்க வேண்டும் என்றுதான் தனக்குத் தோன்றும் என்றும் சொன்னார். கடிந்துகொள்ளவில்லை, சங்கத்தை விட்டு அனுப்பவும் இல்லை.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரை மரபில் நின்று ‘விசுத்திமக்கம்’ எழுதிய புத்தகோசர் இந்த நிலையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்திருக்கிறார். (இவர் காஞ்சிபுரத்திலும் வாழ்ந்தவர். அங்குத்தர நிகாயத்துக்கு எழுதிய உரையின் முடிவில் அவரே அதைக் குறிப்பிடுகிறார்.) எது பாதை, எது பாதையல்ல என்று பிரித்தறியும் பகுதியில் பத்து மாசுகளை அடுக்குகிறார். வெளிச்சம், கூர்மையான அறிவு, உடலெங்கும் பரவும் பூரிப்பு, அமைதி, இன்பம், அசையாத நம்பிக்கை, ஊக்கம், தானே வந்து நிற்கும் கவனம், சமநிலை. பத்தாவது, இந்த ஒன்பதின்மீதும் ஏற்படும் நுண்ணிய பற்று.

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். முதல் ஒன்பதில் கெட்டது என்று ஒன்றுகூட இல்லை. தியானம் செய்கிற எவரும் ஏங்குகிற பொருள்கள் அவை. பிறகு ஏன் மாசு? பத்தாவது வந்து ஒட்டிக்கொள்ள இடம் கொடுப்பதால்தான். இது வந்துவிட்டதென்று பயிற்சியை விட்டுவிட்டு வந்ததைச் சுவைத்துக்கொண்டே உட்கார்ந்துவிடுகிறார் சாதகர். புத்தகோசர் இன்னொன்றும் சொல்கிறார்: இவை ஏற்கெனவே தெளிந்தவருக்கு வருவதில்லை, ஒழுக்கம் தவறியவருக்கும் சோம்பேறிக்கும் வருவதில்லை, முறையாகப் பயிற்சியைத் தொடர்கிறவருக்கு மட்டுமே, அதுவும் தொடக்க நிலையில், வருகின்றன. வந்தால் வழி சரிதான், ஆனால் வந்து சேர்ந்துவிடவில்லை என்று பொருள்.

வெளிச்சம் ஒருவருக்கு இருக்கை அளவுக்கு, ஒருவருக்கு அறை அளவுக்கு, இன்னொருவருக்கு விகாரை முழுக்கப் பரவும் என்கிற இடத்தில் ஒரு வேடிக்கையான கதை வருகிறது. இலங்கையின் தென்கிழக்கில் இன்று சிதுல்பவ்வ என்று வழங்கும் சித்தலபப்பத மலை விகாரை. அமாவாசை உபோசத நோன்பு நாள், எங்கும் இருட்டு. இரட்டைச் சுவர் வைத்த அறைக்குள் இரண்டு தேரர்கள். ‘சைத்திய முற்றத்துப் பீடத்தில் வைத்த ஐந்து நிறப் பூக்களும் இங்கிருந்தே எனக்குத் தெரிகின்றன’ என்றார் ஒருவர். ‘அதில் என்ன அதிசயம்? ஒரு யோசனை தூரம் வரை கடலில் இருக்கிற மீனும் ஆமையும் எனக்குத் தெரிகின்றன’ என்றார் மற்றவர். முகாம் முடிந்து பேருந்தில் திரும்பும்போது இதே போட்டியை நான் கேட்டிருக்கிறேன், மீனும் ஆமையும்தான் இல்லை.

அதே நூலில் இருக்கிற மகாநாகத் தேரரின் கதையை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் செய்ய வேண்டியது முழுக்க அதில் இருக்கிறது. உச்சவாலிகம் என்ற இடத்தில் வாழ்ந்தவர் அவர். தான் மாசெல்லாம் அற்ற அரஹந்தராகிவிட்டதாக நம்பினார். ஊரை ஏமாற்றவில்லை, தியானத்தின் வலிமையால் அவர் மனத்தில் கோபமோ ஆசையோ தலைகாட்டுவதே இல்லை, ஆகவே அவை அற்றுப்போயின என்றே எண்ணினார். அவருடைய மாணவர் தலங்கரத்துத் தம்மதின்னர் உண்மையிலேயே கரையேறியவர். ஒரு நாள் உட்கார்ந்திருக்கும்போது ஆசிரியரின் நினைவு வந்தது. அவர் வேலை இன்னும் முடியவில்லை என்பதும், யாரும் சொல்லாவிட்டால் தெரியாமலே இறந்துவிடுவார் என்பதும் புரிந்தது. உடனே புறப்பட்டுப் போனார்.

கேள்விகள் கேட்டார். ஆசிரியர் தடுமாறாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ‘சுவாமி, இந்த அறிவு எப்போது கைகூடியது?’ ‘அறுபது ஆண்டு ஆயிற்று.’ ‘அப்படியானால் ஒரு யானையை உருவாக்கிக் காட்டுங்கள்.’ மனத்தின் ஆற்றலால் வெள்ளை யானை ஒன்றை உருவாக்கினார். ‘இப்போது அது காதை விறைத்து, வாலை நீட்டி, தும்பிக்கையை வாய்க்குள் வைத்துப் பிளிறிக்கொண்டு நேரே உங்கள் மேல் பாய்ந்து வரட்டும்.’ வந்தது. தான் உருவாக்கிய யானையைத் தானே கண்டு மிரண்டு, கிழவர் எழுந்து ஓடப் பார்த்தார். மாணவர் கை நீட்டி அவருடைய சீவர ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். ‘சுவாமி, மாசெல்லாம் அற்றவருக்கு அச்சம் உண்டா?’

இந்த இடத்தில் மகாநாகர் நடந்துகொண்ட விதம்தான் எனக்கு எப்போதும் வியப்பு. சமாதானம் சொல்லவில்லை. கோபப்படவில்லை. அறுபது ஆண்டுப் பெருமையைச் சட்டென்று இறக்கி வைத்துவிட்டுத் தன் மாணவன் முன்னாலேயே குந்தி அமர்ந்து, எனக்குத் துணையாக இரு என்றார். தம்மதின்னர் தியானப் பொருளைக் கொடுத்தார். அதைப் பெற்றுக்கொண்டு நடைமேடையில் ஏறியவர், மூன்றாவது அடியில் உண்மையாகவே அரஹந்தரானார் என்கிறது நூல்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது யானை அல்ல, யானை இல்லாத அறுபது ஆண்டுகள். அடங்கிக் கிடக்கிற ஒன்று அற்றுப்போன ஒன்றைப் போலவே இருக்கும், உள்ளிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. முகாமில் அலைபேசி இல்லை, வேளைக்குச் சோறு வருகிறது, பக்கத்தில் இருப்பவர் பேசக் கூடாது. அங்கே அமைதியாக இருப்பது பெரிய காரியம் என்றாலும், அதை வைத்து எந்தத் தீர்ப்பும் எழுத முடியாது.

அப்படியானால் எதை வைத்து எழுதுவது? தேரவாத மரபின் பதில் தெளிவானது. விழிப்பின் முதல் படியான சோதாபத்தியை, அதாவது ஓடையில் இறங்குவதை, என்ன கண்டார் என்பதை வைத்து அது வரையறுக்கவில்லை. எது கழன்றது என்பதை வைத்தே வரையறுக்கிறது. பத்துத் தளைகளில் முதல் மூன்று அறுந்திருக்க வேண்டும். இந்த உடம்பையும் மனத்தையும் உள்ளே இருந்து ஆள்கிற ‘நான்’ ஒன்று உண்டு என்ற கருத்து. புத்தர் காட்டிய வழியின் மேல் உள்ள ஐயம். சடங்கையும் நோன்பையும் ஒழுங்காகச் செய்தால் போதும், அவை கரையேற்றும் என்ற பிடி. இந்த மூன்றும் அறுந்தவருக்கு மிஞ்சிப் போனால் ஏழு பிறப்பு. வெளிச்சம், அதிர்வு, கண்ணீர் எதுவும் இந்த வரையறையில் இல்லை.

அதில் இல்லாத வேறு இரண்டையும் பாருங்கள். புலனாசையும் பகைமையும் நான்காவது, ஐந்தாவது தளைகள். இரண்டாம் படியில் அவை மெலிகின்றன, மூன்றாம் படியில்தான் அறுகின்றன. ஆகவே முதல் படியில் நிற்பவருக்குக் கோபமும் வரும், அழுகையும் வரும். சாவத்தியின் பெரும் செல்வச் சீமாட்டி விசாகை சிறுவயதிலேயே சோதாபன்னர் ஆனவள் என்கிறது மரபு. பேத்தி இறந்த அன்று நட்ட நடு மத்தியானத்தில் நனைந்த கூந்தலும் நனைந்த ஆடையுமாகப் புத்தரிடம் ஓடி வந்தாள். புத்தர் பரிநிர்வாணம் அடையப்போகிறார் என்று தெரிந்தபோது ஆனந்தர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரும் அப்போது அதே படியில் இருந்தவர்தான். ‘தியானம் பண்றவருக்குக் கண்ணுல தண்ணி வரலாமா?’ என்று துக்க வீட்டில் யாராவது கேட்டால் விசாகையின் பெயரைச் சொல்லுங்கள்.

வெளியிலிருந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் அவ்வளவு எளிதல்ல. சாக்கியர் குலத்துச் சரகாணி இறந்தபோது, அவர் சோதாபன்னர் என்று புத்தர் சொல்லிவிட்டார். கபிலவத்துவே கொதித்தது: குடிகாரன் ஆயிற்றே, இவரே சோதாபன்னர் என்றால் யார்தான் ஆக மாட்டார்கள்? சாகும் தறுவாயில் அவர் பயிற்சியை முழுமையாக மேற்கொண்டார் என்றது புத்தரின் பதில். (இதைப் படித்துவிட்டு யாரும் டாஸ்மாக் பக்கம் போக வேண்டாம். ஐந்தாவது சீலம் அப்படியேதான் இருக்கிறது.)

இனி, செய்ய வேண்டியவை. அனுபவம் நடந்த அன்று இரவோ, முகாமில் எழுதக் கூடாது என்றால் வீடு திரும்பிய அன்றோ, ஒரு நோட்டில் தேதி போட்டு நடந்ததை மட்டும் எழுதுங்கள். ‘நெற்றிக்கு நடுவில் வெள்ளை ஒளி, கால் மணி நேரம் இருந்தது, அழுதேன்’ என்கிற அளவு போதும். பெயர் சூட்டாதீர்கள். ‘பிரபஞ்சத்தோடு ஒன்றானேன்’ என்று எழுதினால் பிறகு அந்த வாக்கியத்தைக் காப்பாற்றுவதே வேலையாகிவிடும். அதே பக்கத்தின் வலப்பக்கம் ஒரு பத்தி காலியாக இருக்கட்டும். அதை எப்போது நிரப்புவது என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, வாயை மூடிக்கொள்ளுங்கள். இதை நான் கடுமையாகச் சொல்வதற்குப் பிக்குகளின் ஒழுக்க விதிகளான விநயத்தில் ஆதாரம் இருக்கிறது. ஒரு பிக்குவைச் சங்கத்திலிருந்தே விலக்கிவிடும் நான்கு பாராஜிகக் குற்றங்களில் கடைசியானது, அடையாத நிலையை அடைந்ததாகச் சொல்லிக்கொள்வது. வஜ்ஜி நாட்டில் பஞ்சம் வந்தபோது வக்குமுதா ஆற்றங்கரைப் பிக்குகள் சிலர், ‘இவர் அந்த ஞானம் பெற்றவர், அவர் இந்த நிலை எய்தியவர்’ என்று இல்லறத்தாரிடம் ஒருவரையொருவர் புகழ்ந்து வயிறு வளர்த்தார்கள். அதிலிருந்து பிறந்த விதி இது. தன்னை மிகையாக மதித்து, உண்மை என்றே நம்பிச் சொன்னவருக்கு இதில் விலக்கு உண்டு. ஆனால் உண்மையாகவே அடைந்திருந்தாலும் துறவி அல்லாதவரிடம் அதைச் சொல்வது பாசித்தியம் என்னும் சிறு குற்றம். நாம் பிக்குகள் அல்ல, விதி நம்மைக் கட்டாது. இருந்தாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். சொன்ன மறுநிமிடமே நீங்கள் ஒரு வேடம் கட்டத் தொடங்கிவிடுவீர்கள். மச்சான் கிண்டல் செய்யும்போது ஞானியைப் போலச் சிரிக்க வேண்டியிருக்கும். உங்களுக்குப் பயிற்சி தந்த ஆசிரியரிடம் மட்டும் சொல்லுங்கள், நோட்டில் எழுதியதைப் போலவே வறட்டுத்தனமாக.

ஆசிரியர் பெரும்பாலும் ‘சரி, தொடர்ந்து உட்காருங்கள்’ என்பார். ஏமாற்றமாக இருக்கும். அதுவே நல்ல ஆசிரியரின் அடையாளம் என்பேன். எந்த உணர்வு வந்தது என்பதை வைத்து முன்னேற்றத்தை அளக்காதீர்கள், வந்ததன் மேல் எவ்வளவு சமநிலையோடு இருந்தீர்கள் என்பதை வைத்து அளந்துகொள்ளுங்கள் என்பதுதான் விபாசனா ஆசிரியர் கோயங்கா தம் முகாம் உரைகளில் திரும்பத் திரும்பச் சொன்னது. முதல் சந்திப்பிலேயே ‘நீங்கள் இந்த நிலையை எட்டிவிட்டீர்கள்’ என்று சான்றிதழ் தருகிறவர், அடுத்த நிலைக்குத் தனிக் கட்டணம் வைத்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய முடிவு எதையும் ஆறு மாதத்துக்குத் தள்ளிப் போடுங்கள். வேலையை விடுவது, நிலத்தை விற்பது, மனைவியையோ கணவரையோ கேட்காமல் பிரம்மசரியம் பூணுவது, மூன்றும் இதில் அடங்கும். இல்லறத்தில் இருந்துகொண்டு முடியாது என்று தோன்றுகிறவர்களுக்குத் தீபா மாவை நினைவுபடுத்துவேன். 1911இல் சிட்டகாங் பகுதியில் பிறந்து, ரங்கூனில் வாழ்க்கைப்பட்டு, இரண்டு குழந்தைகளையும் பிறகு 1957இல் கணவரையும் பறிகொடுத்து, உடல் நலிந்து கிடந்தவர். பர்மிய ஆசிரியர் மகாசி சயாடோவின் மரபில் தியானம் கற்றுத் தேறினார். பின்னர் கல்கத்தாவுக்கு வந்து, எஞ்சிய ஒரே மகளோடு ஒரு சிறிய குடியிருப்பில் வாழ்ந்தபடி, 1989இல் இறக்கும் வரை, அக்கம்பக்கத்து இல்லத்தரசிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். சமைக்கும்போதும் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதும் கவனத்தைப் பழகச் சொன்னவர் அவர்.

வெளிச்சத்துக்குப் பிறகு பலருக்கு வறட்சி வருகிறது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எனக்கு முகாமின் ஒரு மாலையில் உடம்பு முழுதும் கரைந்ததுபோல் ஒன்று நிகழ்ந்தது. வீடு திரும்பிச் சில நாள் மிதந்துகொண்டிருந்தேன். பிறகு ஒவ்வொன்றாகச் சுவை போயிற்று: காப்பி, நண்பர்களின் அரட்டை, நான் விரும்பிச் செய்த வேலைகூட. மரபு இதற்கும் பெயர் வைத்திருக்கிறது. எல்லாம் கலைவதைக் காணும் பங்க ஞானத்துக்கு அடுத்து அச்சம், குறைகளைக் காணுதல், சலிப்பு என்று படிகள் வருகின்றன. சாதகர் இந்த வழியாக நடந்து போக வேண்டும், குடியேறக் கூடாது. ‘நீங்க அமைதியா இருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க. யார்கிட்டயும் பேசறதே இல்ல, அவ்வளவுதான்’ என்றாள் என் மனைவி. நான் படித்த உரைநூல்களைவிட அது பயன்பட்டது. அன்றிலிருந்து உட்காரும் நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மாலையில் அவளோடு நடக்கப் போனேன்.

கழன்றது என்று நான் சொல்லக்கூடிய ஒன்று அதற்கு வெகு காலம் கழித்தே கண்ணில் பட்டது. எங்கள் குடும்பத்தில் ஒரு பாகப்பிரிவினைத் தகராறு உண்டு. குளிக்கும்போதெல்லாம் பெரியப்பா வீட்டாரோடு மனத்துக்குள் வாதாடிக்கொண்டிருப்பேன். அவர் இப்படிச் சொன்னால் நான் அப்படிச் சொல்வேன் என்று. ஒரு நாள் தலை துவட்டும்போது, அந்த வழக்கு நடந்து மாதக்கணக்காகிவிட்டது என்று நினைவு வந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. எந்த வெளிச்சமும் அதை அறிவிக்கவில்லை. இதைச் சோதாபத்தி என்று யாரும் எண்ண வேண்டாம். ஒரு கிளை ஒடிந்தது, அவ்வளவே. ஆனால் நோட்டின் வலப்பக்கத்தில் எழுதத் தக்கது இந்த மாதிரிச் செய்திதான்.

‘நான்’ என்பது போய்விட்டது என்று தோன்றுகிறவர்கள் கேமகரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். கோசம்பி அருகே நோயில் கிடந்த இந்தப் பிக்குவிடம் மூத்தவர்கள் ஆள் அனுப்பிக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உடம்பையோ உணர்வையோ எதையும் ‘இது நான்’ என்று கொள்ளவில்லை, ஆனாலும் ‘நான்’ என்னும் உணர்வு இன்னும் விடவில்லை என்றார் அவர். வெளுத்த துணியில் அழுக்குப் போன பிறகும் உவர்மண்ணின் வாடை தங்கியிருக்குமே, அப்படி. கேமகர் அப்போது ஐந்து தளைகளை அறுத்தவர். ஐந்தை அறுத்தவரே அப்படிச் சொன்னார் என்றால் நாம் கொஞ்சம் பொறுக்கலாம்.

வறட்சிக்கும் நோய்க்கும் உள்ள எல்லையை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொடர்ந்து சில இரவுகள் தூக்கமே வராமல் போனால், சாப்பாடு இறங்காவிட்டால், இல்லாத குரல் கேட்டால், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், அதை ஞானத்தின் படி என்று விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். தீவிர தியானத்தை அன்றே நிறுத்திவிட்டு வீட்டாரிடம் சொல்லி மனநல மருத்துவரைப் பாருங்கள். 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தியானத்தால் இடர்ப்பட்ட மேலைநாட்டுப் பௌத்த சாதகர்கள் 60 பேரிடம் பேட்டி கண்டு வெளியிட்ட ஆய்வில் அச்சம், தூக்கமின்மை, தன்னைத் தானே அந்நியமாக உணர்தல் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. முன்பு மனநோய்க்கு மருந்து எடுத்தவர்கள் முகாம் விண்ணப்பத்தில் அதை மறைக்காமல் எழுத வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்தவே கூடாது. ஐந்து சீலம், வேளைக்குச் சாப்பாடு, போதிய தூக்கம், கொஞ்சம் உடல் உழைப்பு, இவை கலங்கிய மனத்துக்குத் தியானத்தைவிட முதல் மருந்து.

ஆறு மாதம் ஆனதும் நோட்டை எடுங்கள். இடப்பக்கம் எழுதியதைப் படிக்காமல் வலப்பக்கத்தை நிரப்புங்கள். என்ன நின்றுபோனது? யாரோடு சண்டை குறைந்தது? பொய் சொல்ல வாய்ப்பிருந்தும் சொல்லாமல் விட்டது எப்போது? அடங்கியிருப்பது எது, அற்றது எது என்று தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். நிறையக் கேள்விக்குறிகள் வரும். பிறகு அந்தப் பத்தியை மட்டும் உங்களோடு ஒரே வீட்டில் வாழ்கிற ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள், எதற்காக என்று சொல்லாமல். அவர்கள் சிரித்தால் எந்த வரியில் சிரித்தார்கள் என்று கேட்டு அதையும் தேதியோடு எழுதி வையுங்கள்.